யாருக்குச் சுகமில்லை?

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே உங்கள் கையில் ஒரு கலைச்சொல் தொகுதியைக் கொடுத்திருப்பார்கள். ஒழுங்கான வரவு, நீடித்த வரவின்மை, அனுமதிக்கப்பட்ட வரவின்மை, இடைவிலகல், தலையீடு என்று அழகாக விளக்கம் எழுதியிருக்கும். எனக்கும் தந்தார்கள். நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தேன். அதனால் கெட்டுப்போகவில்லை, ஆனால் பெரிதாக உதவியதும் இல்லை.

கொழும்பில் ஒரு வலயக் கல்வி அலுவலகத்தில், பாடசாலைக்கு வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. இன்று நீங்கள் செய்யப்போவதும் அதேதான். உங்கள் பணிப்பெயர் என்னுடையதைவிட நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சொற்களில் சிலவற்றோடு எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. 'இடைவிலகல்' என்ற சொல்லைப் பாருங்கள். ஏதோ பிள்ளை ஒருநாள் காலையில் எழும்பி, போதும் என்று தானே விலகிக்கொண்டதுபோல இருக்கிறது. விலகியது பிள்ளையா, விலக்கியது வேறு யாராவதா என்பதை அந்தச் சொல் வாய் திறந்து சொல்லாது. 'தலையீடு' இன்னும் மோசம். அதைச் செய்யப் போனால் தலையிடிதான் மிஞ்சும் என்று எங்கள் அலுவலகத்தில் பகிடி விடுவோம். பகிடிதான் என்றாலும் பாதி உண்மை.

நான் உங்களோடு பேச விரும்பும் சொல் அந்தத் தொகுதியிலேயே இல்லை. ஆனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் கேட்கப்போவது அதைத்தான். 'சுகமில்லை.'

என் வீடு வெள்ளவத்தையில். அந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் 'சுகமில்லை' என்றால் பெரும்பாலும் டியூஷன் என்று அர்த்தம். பரீட்சை நெருங்க நெருங்கப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் காய்ச்சல் வரும். ஒருமுறை, கடும் வயிற்றோட்டத்தில் படுக்கையில் கிடப்பதாகத் தகப்பன் தொலைபேசியில் சொன்ன பையனை, அன்று மத்தியானமே டியூஷன் வகுப்பு வாசலில் கொத்துரொட்டிப் பார்சலோடு கண்டேன். என்னைக் கண்டதும் பார்சலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"வயிறு எப்படித் தம்பி?" என்று கேட்டேன்.

"இப்ப கொஞ்சம் பரவாயில்லை, மிஸ்," என்றான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இப்படிப் பலதையும் கண்டு கண்டு, எங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அந்தச் சொல்லில் இருந்த மரியாதை போய்விட்டது. யாராவது 'சுகமில்லை' என்றால், சரி, எங்கே சுற்றுகிறார்களோ என்று நினைக்கப் பழகிவிட்டோம். கொழும்பின் வடபுறம் கொட்டாஞ்சேனையில் அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையின் படிப்பையும் ஒரு தாயின் உயிரையும் ஏறக்குறைய விழுங்கப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பிள்ளையை மதுரா என்று வைத்துக்கொள்வோம். அது அவளுடைய பெயர் இல்லை. பதினோராம் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பங்கள் அனுப்பும் நேரம். அதிபர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்குப் போதிய வரவு இல்லை, பாடசாலை மூலம் பரீட்சை எழுத என்னால் கையொப்பம் வைக்க முடியாது, விலகல் சான்றிதழைக் கொடுத்து அனுப்பப்போகிறேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. இவளுக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் அவருக்கு.

வகுப்பாசிரியை அவரைவிடக் கடுப்பில் இருந்தார். "ஏன் வரேல்லை எண்டு கேட்டால் ஒரே பாட்டுத்தான், மிஸ். சுகமில்லை, சுகமில்லை. ஆளைப் பாத்தா நல்லாத்தான் இருக்கிறாள். வீட்டுக்கு ஃபோன் எடுத்தால் தாயும் அதையே சொல்லுறா. ரெண்டு பேரும் கதைச்சு வச்சுத்தான் சொல்லுகினம்."

விண்ணப்பம் அனுப்பக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வரும்வரை சான்றிதழ் எழுத வேண்டாம் என்று அதிபரிடம் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

பழைய தொடர்மாடி ஒன்றின் மேல்மாடியில் வீடு. தகப்பன் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். லீவு கேட்டால் முதலாளியின் முகம் மாறும் கடை. குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தாய்க்குச் சிங்களம் என்றால் மரக்கறிக் கடையில் விலை கேட்கும் அளவுக்குத்தான். மதுரா மட்டும் தொடர்மாடிப் பிள்ளைகளோடு விளையாடியே சிங்களத்தைச் சரளமாகப் பிடித்திருந்தாள். பாடசாலையிலும் இரண்டாம் மொழிச் சிங்களத்தில் அவளுக்குத்தான் முதல் புள்ளி.

தாய் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் பப்பாசிப்பழம் வெட்டி வைத்தார். மகள் கதவோடு நின்றாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"பிள்ளைக்கு அடிக்கடி சுகமில்லை எண்டு சொல்லுறியளாம். என்ன வருத்தம் அவளுக்கு?"

தாய் என்னை விளங்காமல் பார்த்தார். "பிள்ளைக்கோ? பிள்ளைக்கு ஒண்டுமில்லை, மிஸ். எனக்கெல்லோ சுகமில்லை."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

பாருங்கள், எங்கள் மொழியின் வேலையை. 'சுகமில்லை' என்றால் வசனம் முடிந்துவிடும். யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. கேட்பவர் தனக்கு வசதியான ஆளை அதில் இருத்திக்கொள்ளலாம். அந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. தாய்க்குச் சுகமில்லை, ஆகவே மகள் பாடசாலைக்கு வரவில்லை. அதைத்தான் மகளும் சொன்னாள், தாயும் சொன்னார். இத்தனை மாதமாக யாருக்கு என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே விளங்கியிருக்கும். கெட்டிக்காரர்களுக்குக் கேள்வி தேவைப்படுவதில்லையே.

விஷயம் சுருக்கமாக இதுதான். தாய்க்கு வயிற்றில் நோ. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கிளினிக். டொக்டர் பேசுவது சிங்களம். அதைத் தமிழில் சொல்ல மகள் கூடப் போவாள். இரத்தம் எடுக்க ஒருநாள், ஸ்கேனுக்கு ஒருநாள், முடிவு வாங்க இன்னொருநாள்.

"இப்ப என்ன சொல்லுறார் டொக்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் பெரிசா இல்லையாம். குளிசை தந்திருக்கினம். பழம் நல்லாச் சாப்பிடட்டாம். அதுதான் ஒவ்வொரு நாளும் பப்பாசி வாங்கிறன். நீங்களும் எடுங்கோ, மிஸ். பிள்ளை எல்லாத்தையும் வடிவா விளங்கப்படுத்திச் சொல்லுவாள்."

பெருமையோடு மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. ஒரு சுலபமான வழி கண்ணுக்குத் தெரிந்த சந்தோஷத்தில் இருந்தேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அடுத்த கிளினிக்குக்கு நான் கூட வருகிறேன், மதுரா பாடசாலைக்குப் போகட்டும், அதற்குப் பிறகு யாரையாவது ஒழுங்கு செய்யலாம் என்றேன். தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வேண்டாம்," என்றாள் மதுரா. அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். "எனக்குத்தான் அங்க எல்லாம் தெரியும். நான்தான் போவன்."

"மிஸ் உதவி செய்யிறன் எண்டு சொல்லுறா, நீ என்ன பேய்க்கதை கதைக்கிறாய்?" என்று தாய் அதட்டினார்.

நான் விடைபெற்று இறங்கும்போது அவள் பின்னாலேயே படியில் ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், ப்ளீஸ், நீங்கள் போகவேண்டாம். என்ர பெயரை வெட்டினாலும் பரவாயில்லை. நான் சோதனை எழுதமாட்டன்."

அப்போதுதான் இது மொழிபெயர்ப்புப் பிரச்சினை இல்லை என்று எனக்கு விளங்கியது. பரீட்சையையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஒரு பிள்ளை அந்தக் கிளினிக் கதவைக் காவல் காக்கிறாள் என்றால், அதற்குள் ஏதோ இருக்கிறது.

ஏன் என்று நெருக்கிக் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்கு அப்படித்தான் பயிற்சி தருகிறார்கள். நான் கேட்கவில்லை. படிக்கட்டில் வைத்து நெருக்கினால் பயந்த பிள்ளை இன்னொரு பொய்தான் சொல்லும். பிறகு அந்தப் பொய்யையும் சேர்த்துக் காவல் காக்கவேண்டி வரும். "நான் அம்மாவுக்குக் கெடுதல் செய்யமாட்டன்," என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பினாளோ தெரியாது. கையை விட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள்.

கிளினிக் நாளன்று வகுப்பாசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன். "வந்திருக்கிறாள், மிஸ். ஆனால் புத்தகத்தைத் திறக்கேல்லை. வெளியையே பாத்துக்கொண்டு இருக்கிறாள்," என்றார். அவருடைய குரலில் முந்தைய கடுப்பு இல்லை. தாய்க்குத்தான் சுகமில்லை என்று நான் முதலே சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தாயோடு காத்திருந்து எங்கள் முறை வந்தது. டொக்டர் இளம் ஆள், அமைதியானவர். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, மகள் வரவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார். "கெடியக் தியெனவா. அயின் கரன்ன ஓன."

கட்டி ஒன்று இருக்கிறது, அகற்ற வேண்டும். இதை மகளிடம் முன்னமே சொல்லியாயிற்று. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று அவள் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போடுகிறாள். இனியும் தள்ளினால் நல்லதில்லை. அப்படியே எனக்கு விளங்கப்படுத்தினார்.

'கெடி' என்ற சொல்லைச் சிங்களம் தெரியாத தமிழர்கூடக் கொழும்பில் அறிவார்கள். சந்தையில் தேங்காயும் கெடிதான், பழமும் கெடிதான். வைத்தியர் வாயில் வரும்போது அது கட்டி. முதன்முதலாக அதைக் கேட்ட அன்று, சந்தையில் பழகிய ஒரு சொல் காதில் விழுந்ததும் தாய் மகளிடம், ஏதோ கெடி என்கிறாரே, என்ன என்று கேட்டிருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை. யோசிக்க நேரம் இல்லை. பழம் சாப்பிடச் சொல்கிறார் அம்மா என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வேறு எவரையும் அந்த அறைக்குள் விட அவளால் முடியவில்லை. இது எல்லாம் அந்தக் கதிரையில் இருந்தபோது ஒரு நொடியில் எனக்கு விளங்கியது. அந்தப் பப்பாசித் தட்டு நினைவுக்கு வந்தது.

"என்னவாம், மிஸ்?" என்றார் தாய்.

உங்களுக்கு நெருக்கடி முகாமைத்துவம் என்று ஒரு பாடம் இருக்கிறதாமே. அதில் இதை எப்படிச் சொல்லித்தருகிறார்களோ எனக்குத் தெரியாது. உண்மையான நெருக்கடி இப்படித்தான் வரும், என்னவாம் என்ற ஒரு சொல்லில். யோசிக்கிறேன் என்று பேசாமல் இருந்தால் அந்த மௌனமே பதிலாகிவிடும். தகப்பனைக் கூப்பிட்டு அவரிடம் சொல்லலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு முறைக்குத் தள்ளி, மகளையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று ஒரு மனம். இரண்டுமே மகள் செய்த வேலையை நான் தொடர்வதுதான். உடம்பு இந்தப் பெண்ணுடையது, செய்தியும் இவருடையது. அதை வழியில் மறித்து வைத்திருக்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் வாய் திறக்குமுன் டொக்டரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன். இப்போது எடுத்தால் சுகம் வருமா? வரும், அதற்குத்தான் அவசரப்படுத்துகிறேன் என்றார். நீங்கள் எழுதி வைத்துக்கொள்வதென்றால் இதை எழுதுங்கள். கெட்ட செய்தியைச் சொல்லப்போகும் முன், அதோடு சேர்த்துக் கொடுக்க உண்மையான நல்லது ஏதும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்களாக ஒன்றை உண்டாக்காதீர்கள்.

"வயித்துக்குள்ள ஒரு கட்டி இருக்குதாம், அம்மா. ஒப்பரேஷன் செய்து எடுக்கோணுமாம். இப்ப எடுத்தால் சுகம் வருமாம். தள்ளிப்போடக் கூடாதாம்," என்றேன்.

அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

"கெடி எண்டு சொல்லுறது அதையோ?"

"ஓம்."

"முந்தியும் அதைத்தான் சொன்னவரோ?"

அதற்கு என்ன பதில் சொல்வது? ஓம் என்றால் மகள் பொய்க்காரி. இல்லை என்றால் நான் பொய்க்காரி. நான் "ஓம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தாய் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "பாவம் பிள்ளை," என்றார். "பழம் எண்டு விளங்கீட்டாள். அவளுக்குத் தெரிஞ்சது விளையாட்டுச் சிங்களம்தானே. இது பெரிய ஆக்களின்ர சொல்லு." என் கையைத் தொட்டார். "மிஸ், அவளிட்ட 'நீ பிழையாச் சொன்னனீ' எண்டு சொல்லிப்போடாதேங்கோ. சிங்களத்தில அவள்தான் முதலாம் பிள்ளை. வெக்கப்படுவாள். நானே பக்குவமாச் சொல்லுறன்."

அவர் அதை நம்பித்தான் சொன்னாரா, நான் நம்பவேண்டும் என்று சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டறிவது எங்கள் வேலை இல்லை. அந்த இடத்தில் எனக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிடவில்லை. ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

நீங்கள் கவலைப்படாமல் இருக்க மிச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பரேஷன் நடந்தது. தாய் நன்றாக இருக்கிறார். தகப்பனிடம் நான் நேரே கடைக்குப் போய்ப் பேசினேன். அவர் முதலாளியிடம் கேட்டார். முகம் மாறினாலும் லீவு கிடைத்தது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஒருவர், இதை ஏன் முதலே என்னிடம் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு, மற்றக் கிளினிக்குகளுக்குத் தானே கூடப் போனார்.

அதிபருடன்தான் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. "எந்த வகையில போடுறது, மிஸ்? பிள்ளைக்கு நோய் இல்லை. அனுமதியும் எடுக்கேல்லை. அப்ப இது காரணமில்லாத வரவின்மைதானே?" என்றார். அவர் கையிலும் அதே கலைச்சொல் தொகுதி.

"சேர், அந்தச் சொல்லை எழுதுங்கோ, ஆனால் தாய்க்கு முன்னால இருந்து எழுதுங்கோ. நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றேன். கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். பிறகு வகுப்பாசிரியையைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் யாருக்கு என்று கேட்காமல் விட்டுவிட்டேன், சேர், என்றார் அவர். அதிபர் கையொப்பம் வைத்தார். மதுரா பரீட்சை எழுதினாள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இது ஒன்றும் இல்லை. கிளினிக்குக்கு அடுத்த நாள் காலையில் நடந்தது.

அதிபரைக் காணப் போயிருந்தேன். மதுரா நேரத்தோடு வந்து, அலுவலகத்துக்கு வெளியே சுவரோடு நின்றாள். தலைப்பின்னல் அழுத்தமாக, சீராக இருந்தது. தாய் பின்னியிருக்க வேண்டும். கண் வீங்கியிருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"மிஸ், அம்மா நேற்று எனக்கு ஒரு சிங்களச் சொல் படிப்பிச்சவா," என்றாள்.

"என்ன சொல்?"

"கெடி. பழத்துக்கும் சொல்லுவினமாம், கட்டிக்கும் சொல்லுவினமாம். இடத்தைப் பாத்துத்தான் விளங்கோணுமாம். தெரியாட்டிப் பரவாயில்லையாம், அம்மாவுக்கும் நேற்றுத்தான் தெரியுமாம்." பின்னலின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "திருப்பிச் சொல்லு எண்டு சொன்னவா. நான் புதுசாப் படிக்கிற மாதிரித் திருப்பிச் சொன்னனான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடித்தது. பிள்ளைகள் எங்களைத் தாண்டி வகுப்புகளுக்கு ஓடினார்கள். அவளும் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலடி நடந்தவள், திரும்பி வந்தாள்.

"மிஸ், எனக்கு அது முதலே தெரியும் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், கவலைப்படுவா."